ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக

மூட்டு மாற்று என்றதும் எல்லோருக்கும் முழங்கால்தான் ஞாபகம் வரும். இடுப்பு என்றாலும் தலையாட்டுவார்கள். கணுக்கால் என்று சொல்லிப் பாருங்கள், உடனே குனிந்து காலைப் பார்ப்பார்கள். "அத்தயும் மாத்துறாங்களா?" என்பார்கள். மாற்றுகிறார்கள். என் வலது கணுக்காலை மாற்றியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நான் போனில் தேடித் தேடிப் படித்தேன். கிடைத்ததெல்லாம் ஒன்று டாக்டர்களுக்காக எழுதியது, இல்லையென்றால் பயமுறுத்துவது. என் வயதில் ஒருத்தி சாதாரணமாக உட்கார்ந்து "இப்படித்தான் இருந்தது" என்று எழுதியது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. திருவொற்றியூரில் பம்ப் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. லேத்தில் கடைந்து வரும் சுழல்தண்டை, எங்கள் பேச்சில் ஷாஃப்டை, நூலளவு கோணலையும் காட்டும் டயல் கேஜில் வைத்துச் சுற்றுவேன். முள் அனுமதித்த கோட்டைத் தாண்டினால் சிவப்பு பெயின்ட் அடித்து ஓரம் தள்ளிவிடுவேன். கடைசல்காரர்களுக்கு என்னைப் பிடிக்காது. "இவ கண்ணுல முடிகூட உத்தரம் மாதிரி தெரியும்" என்பார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, கணுக்கால் வீங்கியிருக்கும். நாள் முழுக்க நிற்கிற வேலை, அதனால்தான் என்று ரொம்ப நாள் தைலம் தடவிக்கொண்டிருந்தோம். ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதம் என்று வந்தது. அது முதுமையில் வருகிற தேய்மானம் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் நம் மூட்டுகளையே தாக்குவது. மாத்திரை, ஊசி எல்லாம் கொடுத்து அடக்கினார்கள். அடங்குவதற்குள் வலது கணுக்காலின் குருத்தெலும்பை அது தின்று முடித்திருந்தது. எலும்பும் எலும்பும் உரசின. பேரிங் போன மோட்டாரை ஓட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நடந்தேன்.

இரண்டு வழிகள்தான் என்றார் டாக்டர். ஒன்று, எலும்புகளைத் திருகாணி போட்டு ஒன்றாக இணைத்துவிடுவது. வலி போய்விடும், கணுக்கால் அதற்குப் பிறகு எப்போதும் அசையாது. இன்னொன்று, மாற்றுவது.

"உன்ன மாதிரி சின்ன வயசுக்கு இணைக்கிறதுதான் வழக்கம். செயற்கை மூட்டு இத்தனை வருஷம் தாங்கும்னு யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆனா உனக்குப் பாதத்துல இருக்கற மத்த மூட்டுகளும் பாதிச்சிருக்கு. கணுக்காலைப் பூட்டிட்டா அந்த பாரமெல்லாம் அதுங்க மேல போகும். அதுங்களும் போயிடும். அதனால மாத்திப் பார்க்கலாம்."

"மாத்துனது நிக்கலன்னா?"

"வெளியே எடுத்துட்டு இணைச்சுடுவோம்."

பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் அடிப்படை. பொருத்திய மூட்டு எலும்பைப் பிடித்துக்கொண்டால் கணுக்கால் எனக்கு. தளர்ந்தால் பூட்டு.

மாதிரி மூட்டை அவர் கையில் எடுத்ததும் பயம் மறந்து அதை வாங்கிக்கொண்டேன். கீழ்க்கால் எலும்பின் அடியில் உட்கார ஒரு உலோகத் தட்டு. பாதத்து எலும்பின் தலையில் கவிழ்க்க ஒரு உலோகக் குல்லாய். நடுவில் வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக் துண்டு. எலும்பைத் தொடும் பக்கம் மட்டும் உப்புத்தாள்போல் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்புக்குள் எலும்பு வளர்ந்து போய்ப் பிடித்துக்கொள்ளுமாம், சிமெண்ட் கிடையாது. பழைய வடிவத்தில் நீளமான ஒரு தண்டு இருந்ததாம். அதை நுழைக்க எலும்பின் முன்பக்கம் ஜன்னல் மாதிரி வெட்ட வேண்டும், அங்கேயே எலும்பு பலவீனமாகிவிடும். இந்தப் புதிய வடிவத்தில் தண்டுக்குப் பதில் குட்டி முளைகள். நான் கேட்டுக்கொண்டே போனேன். சொரசொரப்பு எத்தனை மைக்ரான்? முளை ஏன் சாய்ந்திருக்கிறது?

"நீ ஆபரேஷனுக்கு வந்தியா, இன்டர்வியூவுக்கு வந்தியா?" என்றார் டாக்டர். பிறகு, புதிய வடிவம் எலும்புக்குள் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பார்க்கிறோம், நீயும் சேர்கிறாயா என்று கேட்டார். ஆபரேஷனின்போதே எலும்புக்குள் ரவை அளவு உலோக மணிகளைப் பதித்துவிடுவார்கள். எலும்பில் பதிந்த மணி நகராது. பிறகு குறித்த காலங்களில் இரண்டு எக்ஸ்ரே குழாய்களை இரண்டு கோணத்தில் வைத்து ஒரே நொடியில் படமெடுப்பார்கள். மணிகளிலிருந்து மூட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்கே தெரியாத நகர்வுகூட இதில் தெரியும்.

டயல் கேஜ்! என் காலுக்குள்ளேயே ஒரு டயல் கேஜ். உடனே சரி என்றேன்.

ஆபரேஷன் அன்று நைனா, அதாவது என் அப்பா, வரவில்லை. அவர் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுக வாசலுக்குப் போகும் வரிசையில் நின்றுவிட்டால் வண்டியை விட்டு இறங்க முடியாது. வரிசை நகரும்போது ஸ்டியரிங்கில் ஆள் இல்லையென்றால் பின்னால் வருபவர்கள் முந்திவிடுவார்கள். திரும்ப வாலிலிருந்து நிற்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில்தான் எங்கள் குடும்பத்தின் பாதி வாழ்க்கை நிற்கிறது. போனில், "பாப்பா, பயப்படாத. நானும் மாட்டிகினுதான் கீறேன், நீயும் மாட்டிகினுதான் கீற. ரெண்டு பேரும் வெளிய வந்துருவோம்" என்றார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். கண்ணுக்கு முன்னால் பச்சைத் துணி. ஆனால் காது திறந்திருந்தது. ரம்பச் சத்தம். பிறகு சுத்தியல். முதலில் மொத்தையாக, மண்ணில் அடிப்பதுபோல. அடிக்க அடிக்க ஒலி உயர்ந்தது. கடைசியில் டிங் என்றது. எங்கள் ஷாப்பில் பேரிங்கை அதன் கூடான ஹவுசிங்கில் அடித்து இறக்கும்போது இதே ஒலிதான் வரும். உட்கார்ந்துவிட்டது! துணிக்கு இந்தப் பக்கம் நான் சிரித்ததை மயக்க மருந்து டாக்டர் மட்டும் பார்த்தார்.

வார்டில் பக்கத்துக் கட்டில் எஸ்தர் அக்கா. கல்மண்டபத்தில் மீன் விற்பவர், வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தவர். எந்நேரமும் பேச்சு.

"இன்னாடி, கால்ல ரவ போட்டாங்களாமே? மெட்ராஸ்ல கீற வெயிலுக்கு உப்புமா ஆயிடப் போவுது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறார். லீவு சொல்லிவிட்டு வந்து, நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தபடி என் இடது பாதத்தைப் பிடித்துவிடுவார். வலதைத் தொட முடியாதில்லையா, அதற்கும் சேர்த்து. கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே, எடையே விழாத அந்தக் காலுக்கு முதல் படம் எடுத்தார்கள். அதுதான் ஆரம்பப் புள்ளி. இனி வரும் படங்களையெல்லாம் அதோடு ஒப்பிடுவார்கள்.

வீட்டுக்கு அனுப்பியபோதுதான் உண்மையான சிறை தொடங்கியது. எங்கள் வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையால் வயிற்றைச் சுற்றிக் கட்டி, நைனா ஒரு பக்கமும் பாஷா பாய் ஒரு பக்கமும் தூக்கினார்கள். பாஷா பாய் நைனாவின் தோஸ்து, அவரும் டிரெய்லர் ஓட்டுநர். வரிசையில் அடுத்தடுத்து நின்றால், ஒருவர் இறங்கும்போது மற்றவர் இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி நகர்த்திக்கொள்வார். அந்த ஏற்பாடு இல்லையென்றால் நைனாவால் எந்த நாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்திருக்க முடியாது.

"மாமு, உன் பொண்ணு கனமா கீறாளா, நாற்காலி கனமா கீதா?"

"கால்ல இரும்பு கீதுல்ல, அதான்."

"இரும்பு இல்ல நைனா, டைட்டானியம். லேசு," என்றேன் நடுவழியில் தொங்கிக்கொண்டே.

"பாத்தியா, வாய்தான் கனம்," என்றார் பாஷா பாய்.

அதற்குப் பிறகு ஜன்னல்தான். கீழே சாலை, அதைத் தாண்டிக் கடல். சாலை முழுக்க லாரிகள், அசையாமல். காற்று திரும்பினால் டீசல் புகை உள்ளே வரும். துணி, சோறு எல்லாம் அந்த மணம். சில நாள் நைனாவின் வண்டியே ஜன்னலுக்கு நேரே வந்து மாட்டிக்கொள்ளும். துண்டை எடுத்து ஆட்டுவார். நானும் துண்டை எடுத்து ஆட்டுவேன். இரண்டு பேரும் நகர முடியாமல்.

கட்டுப் பிரித்து, பூட்ஸ்போல ஒரு பிளாஸ்டிக் கவசம் மாட்டி, ஊன்றுகோலோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். வலித்தது, ஆனால் பழைய வலி இல்லை. இரண்டாவது அளவுக்குப் போனபோது எக்ஸ்ரே எடுக்கும் சுரேஷ் அண்ணனின் திரையை நான் எட்டிப் பார்க்காமல் இருப்பேனா?

"கீழ்நோக்கி இறங்கியிருக்கும்மா," என்றார் அவர். "ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான்."

டாக்டரும் அதையேதான் சொன்னார். "எதிர்பார்த்ததுதான். புதுசா வச்சது கொஞ்சம் உக்காரும். அப்புறம் நின்னுடும். நல்லா எடை வச்சு நட."

இறங்கியிருக்கிறது என்பதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குள் போகவில்லை. எங்கள் ஷாப்பில் அதில் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலே நான் சிவப்பு பெயின்ட் எடுத்துவிடுவேன். இவர் ஒரு மில்லிமீட்டரை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாரே? சரக்கை எப்படியாவது அனுப்ப நினைக்கும் சூப்பர்வைசர் "பரவால்லம்மா" என்று சொல்வாரே, அந்தக் குரலாகவே அது எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டார். "இன்னா சொன்னாங்க? ஆட்டம் கீதா?"

"கீது நைனா."

அவர் முகம் இறுகிவிட்டது. கண்டெய்னரை டிரெய்லரோடு பிடித்து நிறுத்த நான்கு மூலையிலும் லாக் இருக்கும். வண்டி எடுப்பதற்கு முன் நைனா சுற்றி வந்து ஒவ்வொன்றையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார். ஒன்று லொடலொடத்தால்கூட எடுக்க மாட்டார். அப்படி எடுத்த ஒருவரின் கண்டெய்னர் மேம்பாலத் திருப்பத்தில் கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

"லாக்குல ஆட்டம்னா வண்டிய எடுக்கவே கூடாது. எடுக்க எடுக்க ஆட்டம் பெருசாவும். நீ காலக் கீழ வைக்காத பாப்பா."

"அதேதான் நானும் நெனச்சேன்."

"டாக்டரு நடக்கச் சொன்னாருன்னு சொன்னியேடி?" என்றார் அம்மா.

"அம்மா, உனக்கு மெக்கானிக்கல் தெரியாது. கம்முனு இரு."

அவ்வளவுதான். ஒரு லாரிக்காரரும் ஒரு டயல் கேஜ்காரியும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டோம். டாக்டர் கேட்டால் இதுதான் பதில் என்றுகூட ஒத்திகை பார்த்தோம். அன்றிலிருந்து வலது கால் தரையைத் தொடவில்லை. கழிவறைக்குக்கூட ஊன்றுகோலில் தொங்கியபடி ஒற்றைக் காலில்தான்.

அந்த வாரங்களை எப்படிச் சொல்வது? காலை வைத்தால் தளர்ந்துவிடும் என்று வைக்கவில்லை. வைக்காததால் அது எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாததால் பயம். பயத்தில் இன்னும் அசையாமல் கிடந்தேன். போனில் தளர்ந்த மூட்டுகளின் படங்களைத்தான் தேடித் தேடிப் பார்த்தேன். மின்விசிறி சத்தத்துக்கு நடுவே காலுக்குள் டிக் என்று கேட்டதுபோல் இருக்கும். காதைத் திருப்பினால் இருக்காது. கெண்டைக்கால் சூம்பி, இரண்டு காலும் இரண்டு ஆளின் கால்போல் ஆனது. தொழிற்சாலையிலிருந்து, திரும்பி வருவாயா என்று கேட்டு போன் வந்தது. வருகிறேன் என்றேன். கணுக்காலைப் பூட்டிவிட்டால் நாள் முழுக்க கான்கிரீட் தரையில் நிற்க முடியுமா? மூன்று மாடி? ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்தேன். அவைகூடக் கொஞ்சம் நகர்ந்திருந்தன.

மூன்றாவது அளவுக்கு மறுபடி பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பக்கம் நைனா, ஒரு பக்கம் அம்மா. இந்த முறை நைனாவும் கூடவே வந்தார். அவருடைய வண்டி வரிசையில் பாஷா பாயின் பொறுப்பில் நின்றது.

டாக்டர் கெண்டைக்காலைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். சாதாரண எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். எலும்பு வெளிறி, தண்ணீர் கலந்த பால்போல் இருந்தது.

"நடக்கவே இல்லையா நீ?"

ஒத்திகை பார்த்த பதிலைச் சொன்னேன். டயல் கேஜ், ஆட்டம், லாக், எல்லாம். நைனா பக்கத்தில் நின்று, "கரெக்டுதானே சார்?" என்றார்.

டாக்டர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார்.

"உங்க ஷாப்ல பேரிங் உக்காருற ஹவுசிங் இருக்கே, ராத்திரியில அது வளருமா?"

"வளராது."

"எலும்பு வளரும். எடை விழுந்தா அந்தச் சொரசொரப்புக்குள்ள போய்ப் பிடிக்கும். எடை விழலன்னா, தேவையில்ல போலிருக்குன்னு உடம்பு அதைக் கரைச்சுடும். நீ இரும்பைக் காப்பாத்துறேன்னு எலும்பைக் கரைச்சிருக்க. சரி. இன்னிக்கு ரெண்டு படம் எடுக்கணும். ஒண்ணு படுத்து. ஒண்ணு நின்னு. முழு எடையும் அந்தக் கால்ல. நின்னா அது அசையுதுன்னா தளர்ந்திருக்குன்னு அர்த்தம். திரும்பத் திறக்கணும்."

"நிக்கிறதாலயே தளர்ந்துட்டா?"

"நிக்காம தெரியாதும்மா."

எக்ஸ்ரே அறைக்குள் நைனாவை விடவில்லை. கதவு சாத்தும்வரை என் ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றார். இரண்டு குழாய்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் குறி பார்த்தன. நடுவில், அளவுப் புள்ளிகள் பதித்த கண்ணாடிப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு பாதம் மட்டும் வைக்க இடம். படுத்த படம் முடிந்தது. பிறகு சுரேஷ் அண்ணன் என்னைத் தூக்கி நிறுத்தி, கைப்பிடிகளைக் காட்டினார்.

"இடது காலைத் தூக்கிடு. கையில எடை கொடுக்காத, சும்மா தொட்டுக்கோ. நான் சொல்றவரைக்கும் அசையாத."

என்னால் முடியவில்லை. இடது கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. எத்தனையோ ஷாஃப்டைப் பூட்டி, சுற்றி, முள்ளைப் பார்த்திருக்கிறேன். ஷாஃப்ட் பக்கம் நின்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"வேணும்னா கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்கலாமா?" என்றார் அவர் தன் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

கதவுக்கு வெளியே நைனாவின் குரல் கேட்டது. யாரிடமோ போனில், அடங்கிய குரலில்: "நகந்தா நகத்திக்க பாய். நா இப்போ வர மாட்டேன். எம்பொண்ணு உள்ள கீது." பாயின் வண்டியும் அங்கேதான் நிற்கிறது. ஒரு மனிதர் இரண்டு லாரிக்கும் இடையில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறார், நான் ஒரு காலைத் தூக்க வேண்டும் என்பதற்காக.

தூக்கினேன்.

உடம்பு மொத்தமும் வலது பக்கம் இறங்கியது. பாதம் எரிந்தது, தொடை நடுங்கியது. கணுக்கால் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. டிக் இல்லை, வழுக்கல் இல்லை. ஏதோ ஒரு தரையில் நிற்கிறேன் என்பதுதான் தெரிந்தது.

"முடிஞ்சுது," என்றார் சுரேஷ் அண்ணன்.

கணக்கு வர நேரமாகும் என்றார்கள். காத்திருப்புக் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் எக்ஸ்ரே கவர். அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதத்தை எங்கள் இருவருக்கும் கையில் உருட்டிக் கொடுத்தார். நைனா தன் கையிலிருந்த உருண்டையைச் சாப்பிட மறந்துவிட்டார்.

டாக்டர் கூப்பிட்டபோது திரையை எங்கள் பக்கம் திருப்பியே வைத்திருந்தார். மூட்டு நகர்ந்த அளவைக் காட்டும் ஒரு கோடு. ஆரம்பத்தில் சரிந்து, பிறகு படுத்துவிட்ட கோடு. போன அளவுக்கும் இதற்கும் நடுவில் இறக்கமே இல்லை. நான் படுத்து எடுத்த படத்துக்கும் நின்று எடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசம் கருவியின் வழக்கமான பிழைக்குள் அடங்கிவிட்டது.

"லாக்கு புடிச்சிகிச்சா சார்?" என்றார் நைனா.

"பிடிச்சிருக்கு. இவ நடந்திருந்தா இன்னும் நல்லாப் பிடிச்சிருக்கும். வருஷம் முடியறப்போ இன்னொரு தடவை பார்க்கணும். எலும்பு தேறணும், அதுக்கு நடக்கணும்." என்னைப் பார்த்தார். "உன் கோடு மத்தவங்க கோட்டோட சேரும். எந்த வடிவம் சீக்கிரம் நிக்குது, எது இறங்கிக்கிட்டே போகுதுன்னு அப்படித்தான் தெரியும். அடுத்த மூட்டை அதை வச்சுத்தான் வரைவாங்க."

"எடை வைக்காதவங்களுக்கு என்ன ஆவுதுன்னும் அதுலயே தெரியும் இல்ல சார்?"

"தெரியும். அதுக்காக நடக்காம இருன்னு ஒருத்தரையும் நாங்க கேட்க முடியாது. நீயா பண்ணிட்ட."

வெளியே வந்ததும் அம்மா வாயைத் திறந்தார். "ரெண்டு மெக்கானிக்கு சேந்துகினு ஒரு காலக் கரச்சிட்டீங்க. எனுக்கு மெக்கானிக்கல் தெரியாதாம்!" நைனா நாற்காலியைத் தூக்கக் குனிந்தார். "விடு நைனா," என்றேன். ஆட்டோவரைக்கும் ஊன்றுகோலில், இரண்டு பாதமும் தரையில் பட நடந்தேன். வீட்டில் மூன்று மாடியும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அழுதுகொண்டேதான். அதையும் எழுதிவிட வேண்டும்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் காது ஒரு நொடி கீழே போய்க் கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. வருடக் கடைசி அளவு இன்னும் வரவில்லை. அந்தக் கோடு மறுபடி சரியலாம். சரிந்தால் பூட்டுதான். ஆனால் அதைக் கட்டிலில் படுத்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பது மட்டும் எனக்குப் புரிந்துவிட்டது.

போன வாரம் நைனா மறுபடி ஜன்னலுக்கு நேரே மாட்டிக்கொண்டார். துண்டை ஆட்டினார். நான் ஆட்டவில்லை. அம்மா கட்டிவைத்திருந்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மூன்று மாடியும் இறங்கிப் போனேன். ஊன்றுகோல் வீட்டிலேயே இருந்தது.

லாரிகளுக்கு நடுவே நான் வருவதைப் பார்த்து நைனா கதவைத் திறந்தார். "ஏறு பாப்பா, ஏறு. கால் வலிக்கும்." பின்னால் இருந்த வண்டியிலிருந்து பாஷா பாய் ஹாரன் அடித்துக் கத்தினார்: "மாமு! உன் சரக்கு தானா இறங்கி வந்துகினு கீது!"

அந்த நேரம் பார்த்து வரிசை அசைந்தது. நைனா அவசரமாக கியர் போட்டார். வண்டி முனகிக்கொண்டு ஊர்ந்தது. நான் பக்கத்திலேயே நடந்தேன். முன் சக்கரத்தைத் தாண்டினேன். பிறகு பம்பரை.

"ஏய், இன்னா வேகமா போற? நில்லு!"

"நீ வா நைனா," என்று திரும்பிச் சொல்லிவிட்டு, அடுத்த லாரியின் வால்வரைக்கும் போய், தூக்கைக் கை மாற்றிக்கொண்டு, வலது காலில் எடையைப் போட்டு, அவர் வந்து சேரட்டும் என்று நின்றேன்.